நாமும் நாங்களும்: அமெரிக்க விடுதலை எழுத்துகளில் தன்மைப் பன்மை

முன்னுரை

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த பதின்மூன்று குடியேற்ற நாடுகள் 1776ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிரித்தானிய ஆட்சியிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டதாக அறிவித்தன. அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் துண்டுநூல்கள், செய்தித்தாள் மடல்கள், விண்ணப்பங்கள், தீர்மானங்கள் எனப் பெருகிய எழுத்து அளவிறந்தது. நானூற்றுக்கு மேற்பட்ட துண்டுநூல்கள் வெளிவந்தன என்று கணக்கிட்ட பெர்னார்ட் பெய்லின், அவற்றை ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலேய எதிர்க்கட்சி எழுத்தாளர்களின் அதிகார எதிர்ப்புக் கருத்துகளே இவ்விடுதலையின் ஊற்று என நிறுவினார். அம்முடிவு பெரும்பாலும் ஏற்கத்தக்கது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஜான் லாக்கின் அரசியல் கோட்பாட்டையும் ஆங்கிலப் பொதுச்சட்ட மரபையும் பிரிவினையை விரும்பியோரும் படித்தனர். அதனை எதிர்த்தோரும் படித்தனர். ஒரே கருத்துக் கருவூலத்திலிருந்து ஜான் டிக்கின்சன் சமரசத்துக்கும் தாமஸ் பெய்ன் பிரிவுக்கும் வந்து சேர்ந்தது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை காணக் கருத்துகளை மட்டும் நோக்குதல் போதாது. யார், யாரை நோக்கி, யாரை உளப்படுத்திப் பேசுகின்றனர் என்பதையும் நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதற்குத் தமிழ் இலக்கணம் ஏற்ற கருவியொன்றைத் தருகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. கேட்போரையும் சேர்த்துச் சொல்வதற்கும் அவரை நீக்கிச் சொல்வதற்கும் அங்கு வடிவ வேறுபாடு இல்லை. தமிழிலோ பழங்காலத்து யாம், நாம் என்பனவும் இக்காலத்து நாங்கள், நாம் என்பனவும் இவ்வேறுபாட்டைச் சொல்லளவிலேயே காட்டி நிற்கின்றன. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தமிழாக்க முற்படும் எவரும் ஒவ்வொரு தன்மைப் பன்மையிலும் நின்று, 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா எனத் துணிந்தே மேற்செல்ல இயலும். இதனை மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மூலத்துக்குள்ளேயே தீர்க்கப்படாமல் விடப்பட்ட ஒரு சிக்கலை அது வெளிக்கொணர்கிறது.

விண்ணப்பத்தின் முன்னிலை

ஏழாண்டுப் போர் 1763இல் முடிவுற்றபோது பிரித்தானிய அரசின் கடன் சுமார் 13 கோடி பவுண்டாக உயர்ந்திருந்தது. அச்சுமையில் ஒரு பகுதியைக் குடியேற்ற நாடுகளின்மீது ஏற்றும் நோக்குடன் 1765இல் முத்திரைத்தாள் சட்டம் இயற்றப்பட்டது. செய்தித்தாள், சட்ட ஆவணம், சீட்டாட்டக் கட்டு முதலிய பலவற்றுக்கும் வரி விதித்த இச்சட்டம், எழுதுவோர், அச்சிடுவோர், வழக்கறிஞர் ஆகிய மூவரையும் ஒருங்கே தாக்கியது. எதிர்ப்பின் முதற்குரல் எழுத்துலகிலிருந்து எழுந்ததில் வியப்பில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் ஒன்பது குடியேற்ற நாடுகளின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். அவர்கள் ஆக்கிய உரைகள் மன்னருக்கும் பாராளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் விடுக்கப்பட்டன. வரி விதிப்போர் வரி செலுத்துவோரின் பேராளராக இருத்தல் வேண்டும் என்னும் வாதம் கூர்மையானது. ஆனால் அதன் முன்னிலை அரியணையில் வீற்றிருந்தது. விண்ணப்பம் என்னும் இலக்கிய வகை அதன் முன்னிலையை ஐயுற இயலாதது. மன்னர் நல்லவர், அமைச்சர்களே அவரைத் தவறாக வழிநடத்துகின்றனர் என்னும் கற்பனை இல்லையேல் அது எழுத இடமற்றதாகிவிடும்.

1766இல் முத்திரைத்தாள் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அதே நாளில், குடியேற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை எல்லா நிலைகளிலும் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் உறுதி செய்துகொண்டது. விண்ணப்பித்தோர் கேட்டது கிடைத்தது. விண்ணப்பிக்கும் நிலை மாறவில்லை.

1774இல் ஜெஃபர்சன் எழுதிய துண்டுநூல் இவ்வகையின் எல்லையைத் தொடுகிறது. மன்னர் மக்களின் தலைமை அலுவலரேயன்றி வேறல்லர் என்று அவரிடமே கூறத் துணிகிறது அது. அடுத்த ஆண்டு சூலையில் டிக்கின்சன் வரைந்த ஒலிவக்கிளை விண்ணப்பம் மீண்டும் பணிவுமொழிக்குத் திரும்புகிறது. மன்னர் அதனை ஏற்க மறுத்தார். 1775 ஆகஸ்டு 23 அன்று குடியேற்ற நாடுகள் கிளர்ச்சியில் உள்ளன என அறிவித்தார். முன்னிலையாக அழைக்கப்பட்டவர் முன்னிலையாக இருக்க மறுத்துவிட்டார் என்று இதனைச் சொல்லலாம்.

டிக்கின்சனும் பெய்னும்

1767 டிசம்பர் தொடங்கிச் செய்தித்தாள்களில் வெளிவந்த டிக்கின்சனின் 'பென்சில்வேனியா உழவர் ஒருவரின் மடல்கள்' பன்னிரண்டும் குடியேற்ற நாடுகளின் ஏறத்தாழ எல்லா ஏடுகளிலும் மறுபதிப்புப் பெற்றன. இம்மடல்களில் முன்னிலை மன்னரல்லர், அன்பார்ந்த நாட்டவரே. இது பெரியதொரு நகர்வு. ஆயினும் பேசுபவர் யார் என்று நோக்குதல் வேண்டும். நூலகம் உடைய, ஓய்வு உடைய, மடலின் முடிவில் இலத்தீன் மேற்கோள் தரும் 'உழவர்' அவர். உண்மையில் டிக்கின்சன் இலண்டனில் சட்டம் பயின்ற வழக்கறிஞர். உழவர் என்னும் வேடத்தின்வழிக் கற்றோர் கற்றோரோடு உரையாடுகின்றனர். அவர் கையாளும் உவமமும் குறிப்பிடத்தக்கது. அன்புள்ள பெற்றோரிடம் தகாத அடிபட்ட நற்பிள்ளைகள்போல நடந்துகொள்வோம் என்கிறார். பிள்ளையின் வாய்மொழி முறையீடாகவே அமையும், முறிவாக அமையாது.

1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் நட்டத்தில் வீழ்ந்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் கைதூக்கிவிட எழுந்தது. அப்போது 'ரஸ்டிகஸ்' என்னும் புனைபெயரில் வெளிவந்ததும் டிக்கின்சன் எழுதியதெனக் கருதப்படுவதுமான மடலொன்று, ஆசியாவில் அக்கம்பெனி நடத்திய கொள்ளையையும் பஞ்சத்தால் மாண்ட மக்களையும் எடுத்துக்காட்டி, அடுத்த இரை அமெரிக்காவே என எச்சரிக்கிறது. 1769–70ஆம் ஆண்டுகளின் வங்கப் பஞ்சம் அமெரிக்க விடுதலை எழுத்துக்குள் நுழைந்த இடம் இது என்பது இந்திய வாசகர் கருதத்தக்க செய்தி. ஆனால் அங்கும் ஆசிய மக்கள் படர்க்கையில் நிற்கும் எச்சரிக்கைச் சான்றுகளே. அவர்களோடு கைகோக்கும் 'நாம்' அங்கு உருவாகவில்லை.

1776 சனவரியில் பிலடெல்பியாவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது 'காமன் சென்ஸ்'. எல்லார்க்கும் பொதுவான இயல்பறிவு என்பது அத்தலைப்பின் பொருள். இத்தலைப்பைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் பெஞ்சமின் ரஷ். ஆசிரியர் தாமஸ் பெய்ன் இங்கிலாந்தின் தெட்போர்டில் பெண்டிர் இடுப்புக்கச்சு தைப்பவரின் மகனாகப் பிறந்தவர்; கலால் வரி அலுவலராக இருந்து வேலை இழந்தவர்; பிராங்கிளினின் பரிந்துரை மடலோடு 1774 இறுதியில்தான் அமெரிக்கக் கரையில் இறங்கியவர். வந்து பதினான்கு திங்கள்கூட ஆகாத ஒருவர் அமெரிக்க மக்களை உளப்படுத்தி 'நாம்' என்று எழுதியதே இந்நூலின் முதற்புதுமை. ஆசிரியர் யார் என்பது வாசகர்க்கு வேண்டாத செய்தி என அடுத்த பதிப்பில் அவர் சேர்த்த குறிப்பும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. பிறப்பாலும் சொத்தாலும் கல்வியாலும் பெறப்படாமல், சொல்வோரும் கேட்போரும் ஒரே அறிவால் அளக்கும்போது உருவாவதே பெய்னின் 'நாம்'.

நூலின் நடையும் இவ்வுளப்பாட்டுக்கு இயைந்தே அமைகிறது. இலத்தீன் மேற்கோள் இல்லை. விவிலியம் அறிந்த குடும்பங்கள் அறிந்த கதையே சான்றாகிறது. இசுரவேலர் அரசன் வேண்டுமெனக் கேட்டுத் தீங்கு தேடிக்கொண்ட வரலாறு மன்னராட்சியை மறுக்கப் பயன்படுகிறது. இங்கிலாந்தின் அரச மரபு பற்றிய புனிதக் கதையை, ஆயுதம் தாங்கிய கொள்ளைக்கூட்டத்தோடு வந்திறங்கிய பிரெஞ்சுக்காரன் ஒருவனின் கதையாகச் சுருக்கிவிடுகிறார். டிக்கின்சனின் பெற்றோர் உவமத்தையும் பெய்ன் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்து தாய்நாடாயின் அதன் செயல் இன்னும் வெட்கத்துக்குரியது, விலங்குகளும் தம் குட்டிகளைத் தின்பதில்லை என்று உவமத்தை உள்ளிருந்தே உடைக்கிறார். அதன்மேலும் அமெரிக்காவின் தாய் இங்கிலாந்து அன்று, ஐரோப்பா என்கிறார். உவமம் உடைந்ததும் விண்ணப்பத்தின் முன்னிலையும் உடைந்துவிடுகிறது.

இந்நூல் இலட்சக்கணக்கில் விற்றது என்னும் மரபுவழிக் கூற்று மிகையானது என்று அண்மைக்கால நூல்வரலாற்று ஆய்வுகள் வாதிடுகின்றன. எண்ணிக்கை எதுவாயினும், ஓராண்டுக்குள் இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்தன என்பதும், அதுவரை மன்னரைத் தாக்கத் தயங்கிய எழுத்து அதன்பின் தயங்கவில்லை என்பதும் உறுதி.

இங்கு ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் குருதி சிந்தப்பட்டது. மன்னரின் கிளர்ச்சி அறிவிப்பும் வந்துவிட்டது. எனவே பிரிவினையை உண்டாக்கியவை நிகழ்ச்சிகளே, பெயர்ச்சொற்கள் அல்ல எனலாம். உண்மை. ஆயின் நிகழ்ச்சிகள் இரு தரப்புக்கும் பொதுவாயிருந்தன. அதே குருதியைக் கண்டபின்னரே டிக்கின்சன் ஒலிவக்கிளை விண்ணப்பத்தை எழுதினார். நிகழ்ச்சிகளை முறையீட்டுக்குரிய குறைகளாக நோக்குவதா, முறிவுக்குரிய சான்றுகளாக நோக்குவதா என்பது பேசுவோர் தம்மை யாரென எண்ணினர் என்பதைப் பொறுத்ததாயிற்று.

பிரகடனத்தில் மன்னர் படர்க்கையாதல்

1776 சூன் 11 அன்று கண்டப் பேரவை ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸ், பிராங்கிளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன் ஆகிய ஐவரைக் கொண்ட குழுவை அமைத்தது. ஜெஃபர்சன் வரைந்ததைப் பேரவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்து, சூலை 4 அன்று ஏற்றது. அதற்கு முன்னரே ஊர்களும் மாகாணங்களும் இத்தகைய அறிக்கைகளைத் தொண்ணூறு அளவில் வெளியிட்டிருந்தன என்று பாலின் மேயர் 1997இல் காட்டியுள்ளார். எனவே இதனைத் தனியொருவர் படைப்பாகக் கொள்ளாது, ஒரு வகைமையின் நிறைவாகக் கொள்வதே தகும்.

இவ்வுரையின் இடப்பெயர் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. தொடக்கம் தன்மையில் இல்லை. ஒரு மக்கள் மற்றொரு மக்களோடு கொண்ட பிணைப்பை நீக்க நேருங்கால் என்று படர்க்கையில், இயற்கை விதியொன்றைக் கூறுவதுபோல் அமைகிறது. பேசப்படுவோர் 'அவர்கள்'. இரண்டாம் பத்தியில்தான் தன்மைப் பன்மை தோன்றுகிறது. எல்லா மாந்தரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்பது முதலிய உண்மைகளைத் தாமே விளங்குவனவாகக் கொள்வோர் அத்தன்மையினர். அடுத்து வரும் இருபத்தேழு குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை 'அவர்' என்னும் படர்க்கை ஒருமையில் தொடங்குகின்றன. பத்தாண்டுகளாக முன்னிலையில் வைத்து வணங்கப்பட்ட மன்னர் இங்குப் படர்க்கைக்குப் பெயர்க்கப்படுகிறார். வழக்குமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரை நடுவரிடம் சுட்டிப் பேசும் முறை இது. நடுவர் இடத்தில் நடுநிலை கொண்ட உலகம் அமர்த்தப்படுகிறது. பாராளுமன்றம் என்னும் சொல்லே உரையில் இல்லை என்பதும் கருதத்தக்கது. அதன் அதிகாரத்தை மறுப்போர் அதன் பெயரையும் சொல்லாது விடுகின்றனர். இறுதியில் உரை உலகையும் விட்டு நீங்கி, ஒப்பமிட்டோர் தமக்குள் ஒருவர்க்கொருவர் உயிரும் உடைமையும் மானமும் பிணையாக வைப்பதில் முடிகிறது.

இனி மொழிபெயர்ப்பாளரின் வினாவுக்கு வருவோம். உண்மைகளைக் கொள்வோர் 'நாங்கள்' எனில், ஒரு கூட்டத்தார் தம் கொள்கையை உலகுக்கு அறிவிக்கின்றனர் என்று பொருள்படும். அப்போது அவ்வுண்மைகள் தாமே விளங்குவன ஆகா, அக்கூட்டத்தார் கொண்டன ஆகும். 'நாம்' எனில், கேட்கும் உலகமும் அதில் அடங்கும். அப்போது அவ்வுண்மைகள் எவரையும் விலக்க இயலாதன ஆகும். குற்றச்சாட்டுகளில் வரும் தன்மையோ ஐயமின்றி 'நாங்கள்' என்பதே. ஒரே ஆங்கிலச் சொல் உரையின் முற்பகுதியில் மாந்தர் அனைவரையும் நோக்கி விரிகிறது; பிற்பகுதியில் குறிப்பிட்ட குடியேறியோரளவில் சுருங்குகிறது. வடிவம் ஒன்றாதலின் இச்சுருக்கம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

'நம்மிடையே' இருந்தும் 'நாம்' ஆகாதோர்

இச்சுருக்கம் எவரை வெளியே நிறுத்தியது? 1776இல் குடியேற்ற நாடுகளின் சுமார் 25 இலட்சம் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர். வரைவில் ஜெஃபர்சன், அடிமை வணிகத்தை மன்னர்மேல் சுமத்தி, மாந்த இயல்புக்கே எதிரான கொடும்போர் என அதனைச் சாடும் பத்தியொன்றை எழுதியிருந்தார். பேரவை அதனை நீக்கியது. தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றின் விருப்பத்துக்கு இணங்கியே அது நீக்கப்பட்டதாகவும், வடபகுதியினர் சிலர்க்கும் அது உறுத்தியதாகவும் ஜெஃபர்சன் பின்னர்க் குறித்தார். அவரே தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர்.

நீக்கப்பட்ட பத்தியைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். எஞ்சி நின்ற தொடர் அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. மன்னர் 'நம்மிடையே' உள்நாட்டுக் கலகங்களைத் தூண்டினார் என்பது இறுதிக் குற்றச்சாட்டு. வர்ஜீனிய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் மன்னர் படையில் சேரின் விடுதலை பெறுவர் என 1775 நவம்பரில் அறிவித்ததை இது கருதுகிறது. அடிமைப்பட்டோர் இடத்தால் 'நம்மிடையே' உள்ளனர். ஆனால் அவர்கள் விடுதலை நாடி எழுதல் 'நமக்கு' நேர்ந்த தீங்காகிறது. அதே தொடரின் பிற்பகுதி தொல்குடியினரை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் எனச் சுட்டி எல்லைக்கு அப்பால் நிறுத்துகிறது. பெய்னின் நூலும் விலக்கன்று. தொல்குடியினரையும் கறுப்பினத்தவரையும் நம்மை அழிக்கத் தூண்டிய ஆட்சி என அவரும் பிரித்தானியாவைச் சாடுகிறார். இயல்பறிவால் விரிந்த 'நாம்' அவ்விடத்தில் நின்றுவிடுகிறது.

இம்முரண் பிற்காலத்தார் கண்டுபிடித்தது என்று கொள்ளலாகாது. அடிமைகளை ஓட்டுவோரிடமிருந்தே விடுதலைக் கூக்குரல் உரத்து எழுவது எவ்வாறு என 1775இலேயே சாமுவேல் ஜான்சன் எள்ளினார். மாசசூசெட்சின் முன்னாள் ஆளுநர் ஹட்சின்சன் 1776இல் பிரகடனத்தை மறுத்தெழுதியபோது இதே வினாவைத் தென்னகப் பேராளரிடம் தொடுத்தார். எதிரிகளின் வாயில் இது ஏளனமாக அமைந்தது. விலக்கப்பட்டோர் கையில் அதுவே வேறொன்றாயிற்று.

விலக்கப்பட்டோரின் வாசிப்பு

1774இல் பாஸ்டன் கவிஞர் பிலிஸ் வீட்லி, தொல்குடிப் போதகர் சாம்சன் ஆக்கமுக்கு எழுதிய மடல் செய்தித்தாள்களில் வெளிவந்தது. ஒவ்வொரு மாந்த நெஞ்சிலும் இறைவன் விடுதலை வேட்கையை ஊன்றியுள்ளான் என்று அடிமையாய் வாழ்ந்து அண்மையில் விடுதலை பெற்ற அவர் எழுதுகிறார். 1776 மார்ச்சு 31 அன்று அபிகெயில் ஆடம்ஸ் தம் கணவர்க்கு எழுதிய மடலில், தமக்குக் குரல் இல்லாத சட்டங்கள் தம்மைக் கட்டுப்படுத்தா எனப் பெண்கள் சார்பில் பேசும் தன்மைப் பன்மை தோன்றுகிறது. வரி எதிர்ப்பு வாதமே அங்கு மனைவியின் வாதமாகிறது. கணவர் சிரித்தே விடையிறுத்தார்.

1777 சனவரியில் பிரின்ஸ் ஹாலும் பிறரும் மாசசூசெட்சு சட்டமன்றத்துக்கு அளித்த விண்ணப்பம் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. பலமுறை விண்ணப்பித்தும் பயனில்லை என்று கூறும் அவர்கள், பிரித்தானியாவுக்கு எதிராக அமெரிக்கா ஏற்ற ஒவ்வொரு கொள்கையும் தங்கள் சார்பில் ஆயிரம் வாதங்களினும் வலுவாகப் பேசுவதைச் சட்டமன்றத்தார் காணாதது வியப்பே என்கின்றனர். மன்னர்முன் விண்ணப்பித்து நின்றோர் இப்போது விண்ணப்பத்தின் முன்னிலையாக அமர்ந்துவிட்டனர். வகைமை மாறவில்லை, இருக்கைகளே மாறின.

லெமுவேல் ஹெய்ன்ஸ் 1776இல் எழுதி, 1983இல்தான் அச்சேறிய கட்டுரை, பிரகடனத்தின் சமத்துவத் தொடரையே முகப்பில் கொண்டு அடிமைமுறையைச் சாடுகிறது. 1848இல் செனீகா பால்ஸ் மாநாட்டில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் முதலியோர் வெளியிட்ட அறிக்கை, பிரகடனத்தின் அமைப்பை அப்படியே மேற்கொண்டு, மன்னர் நின்ற 'அவர்' என்னும் படர்க்கையிடத்தில் ஆணினத்தை நிறுத்துகிறது. 1852 சூலை 5 அன்று ராசெஸ்டரில் உரையாற்றிய பிரடெரிக் டக்ளஸ், பிரகடன நாளை 'உங்கள்' நாள் என்றும், அதனை ஆக்கியோரை 'உங்கள்' தந்தையர் என்றும் திரும்பத் திரும்பக் கூறுகிறார். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் மறைத்து வைத்திருந்த 'நாங்கள்' என்னும் பொருளை முன்னிலைப் பெயரால் அவர் வெளியே இழுத்து நிறுத்துகிறார் எனலாம். எனினும் அவர் பிரகடனத்தைத் தள்ளவில்லை. அதன் கொள்கைகளைப் பற்றி நிற்குமாறே கேட்போரை வேண்டுகிறார். உரை 'நாங்கள்' என்று நடந்துகொண்டதைக் காட்டி, 'நாம்' என்று அது சொன்னதைக் கடனாகக் கேட்கிறார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அமெரிக்கப் பிரிவினை எழுத்தின் வளர்ச்சியை, மன்னரை முன்னிலையாகக் கொண்ட விண்ணப்பம், நாட்டவரை முன்னிலையாகக் கொண்ட மடல், வாசகரை உளப்படுத்திய துண்டுநூல், மன்னரைப் படர்க்கையாக்கிய பிரகடனம் என்னும் வரிசையில் காணலாம். இரண்டாவது, அவ்வெழுத்தின் தன்மைப் பன்மை இருபொருள்பட நிற்கிறது. அதன் ஆற்றலும் குறையும் அவ்விருமையிலேயே உள்ளன. தெளிவாக 'நாங்கள்' என்று எழுதப்பட்டிருப்பின் பிரகடனம் ஒரு காலத்து வழக்குரையாக முடிந்திருக்கும். தெளிவாக 'நாம்' என்று எழுதப்பட்டிருப்பின் பேரவையார் பலர் ஒப்பமிட்டிருக்க மாட்டார். மூன்றாவது, அவ்விருமையைத் தீர்த்தோர் ஆசிரியர்கள் அல்லர்; விலக்கப்பட்டிருந்தும் தம்மை உளப்படுத்தி வாசித்தோரே.

இங்கு ஒரு வரலாற்று முரணையும் குறித்தல் தகும். பிரகடனத்தில் ஒப்பமிடாத டிக்கின்சன் 1777 தொடங்கித் தம் அடிமைகளை விடுவிக்க முற்பட்டு, 1786க்குள் அனைவரையும் விடுவித்தார். அதனை எழுதிய ஜெஃபர்சன் தம்மிடம் இருந்தோருள் மிகச் சிலரையே விடுவித்தார். ஆக, ஓர் உரையின் 'நாம்' எத்துணை விரிந்தது என்பதை அதன் ஆசிரியர் வாழ்வைக் கொண்டு அளக்க இயலாது. அவ்வுரையை மறுப்பின்றி ஏற்போரைக் கொண்டும் அளக்க இயலாது. அதனிடம் கணக்குக் கேட்போரே அதன் அளவுகோல்.

தமிழாக்குவோர்க்குச் சொல்ல எஞ்சுவது ஒன்றுண்டு. சமத்துவத் தொடரில் 'நாம்' என்றும் குற்றச்சாட்டுகளில் 'நாங்கள்' என்றும் பெயர்ப்பதே மூலத்துக்கு நேர்மையாகும். இரண்டையும் ஒருசீராக்கி ஒரே சொல்லால் பெயர்ப்போர் ஒழுகிய நடையைப் பெறுவர்; ஆனால் மூலத்தின் உள்முரணை இழப்பர். ஆங்கிலம் மறைத்த அம்முரணைச் சொல்லளவில் காட்டவல்ல மொழியில் அதனை மீண்டும் மறைத்தல் மொழிபெயர்ப்பு அறமாகாது.